மஞ்சள் அரைத்தவள்

எங்கள் ஊர்க் காவேரிப் படித்துறையின் மூன்றாம் படி எப்போதும் மஞ்சளாக இருக்கும். வெயில் பட்டால் வெளுத்துவிடுகிற சாயம்தான் மஞ்சள். ஆனால் அந்தக் கல்லுக்கு வெளுக்க அவகாசம் கிடைத்ததில்லை. விடிந்தால் யாராவது வந்து உரைத்துவிடுவார்கள்.

வீட்டுப் பெண்களுக்குக் குளிக்கும் பொடி இடிப்பது என் அத்தைப் பாட்டியின் வேலை. பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி எல்லாவற்றையும் முற்றத்தில் காயவைத்து இடித்துச் சலிப்பாள். முகம் கழுவி அரை மணி கழித்து ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட தோல். பாலாடையில் குழைத்துக்கொள்ளச் சொல்லுவாள். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுமினுத்தால் அங்கே மட்டும் மாவு கூட. இன்றைய தோல் வைத்தியர்களும் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் சொல்லுகிறார்கள்.

பதினாறு வயதில் கைம்பெண் ஆனவள் அவள். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை அவள் உடம்பில் படக்கூடாது.

இந்தப் பொடிகளின் வம்சாவளியைத் தேடினால் காவேரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குப் போய்ச் சேருகிறோம். சிலப்பதிகாரத்தில், ஊடிய கோவலனை மகிழ்விக்க மாதவி கூந்தல் அலசுகிறாள். பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு வாசனைப் பொருள்களும் ஊறிய நீர். பத்துத் துவர் எவை என்று உரையில் பட்டியலே இருக்கிறது: பூவந்தி, கடுக்காய், தான்றி, நெல்லி, கருங்காலி, நாவல், பிறகு ஆல், அரசு, அத்தி, இத்தி. பூவந்திக் கொட்டை நுரைக்கும். மற்றவை துவர்த்து இறுக்கும். உத்தமதானபுரத்துக்காரரான உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில், 1892-இல் இந்த நூலை உரையோடு அச்சேற்றினார். அந்தப் பட்டியலைப் பார்த்துக் கும்பகோணத்துப் பாட்டிமார்கள் சிரித்திருப்பார்கள். பாதிச் சரக்கு அவர்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருந்திருக்கும்.

அதே ஊரில், அதே காவியத்தில், கண்ணகியின் கூந்தல் எண்ணெயை மறந்து கிடக்கிறது. புருஷன் உயிரோடுதான் இருக்கிறான், வேறு வீட்டில். மாதவியின் நீராட்டை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசையும் கூடவே நினைவு வரும்.

பிறகு சோப்பு வந்தது. 1916-இல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் பெங்களூரில் சந்தன சோப்புத் தொழிற்சாலை ஏற்பட்டது. வாசனை என்னவோ தேவலோகம்தான். ஆனால் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை உள்ளது, சோப்போ காரம். அடிக்கடி தேய்த்தால் தோலின் எண்ணெயைக் கொண்டுபோய்விடும். 1975-இல் சிவப்பாக்கும் க்ரீம் என்று ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 2020-இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போயிற்று. ஆசை போயிற்றா, தெரியாது. தோலுக்கு உண்மையில் வேண்டியவை சொற்பம்: மெதுவாகக் கழுவுதல், ஈரம் காயுமுன் ஏதாவதொரு பசை, பகலில் வெயிலிலிருந்து காப்பு.

பாட்டி வைத்தியமெல்லாம் குற்றமற்றது என்றும் சொல்ல மாட்டேன். கார்போக அரிசியில் உள்ள சத்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்கிறவர்கள் அந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள். அதைப் பூசிக்கொண்டு நடுப்பகலில் வயலுக்குப் போகலாகாது.

வயல் என்றதும் நடவுக்காரிகள் ஞாபகம் வருகிறது. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால், நாளெல்லாம் சேற்றில் நின்று விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் மருதாணியும் கேட்டுக் கொல்லைப் பக்கம் வருவார்கள். அத்தைப் பாட்டி அரைத்ததை வாழை இலையில் வைத்துப் படலுக்கு வெளியே தள்ளிவிடுவாள். கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. அதைச் சொல்லாமல் மஞ்சளின் பெருமையை மட்டும் பேசுவது சரியாகாது. அந்த மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள்! நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் எதிர்த்து வழக்காடி 1997-இல் ரத்தாயிற்று.

அரைத்து முடித்ததும் அத்தைப் பாட்டி சாம்பலும் புளியும் போட்டு உள்ளங்கையைத் தேய்ப்பாள். ரேகைகளில் மட்டும் மஞ்சள் நின்றுவிடும்.

“உனக்குத்தான் மஞ்சளே ஆகாதே பாட்டி, கையெல்லாம் இருக்கே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

“அரைக்கிறவாளுக்கு ஒட்டிண்டா தோஷமில்லேடா” என்றாள்.