கட்டாக்காலி மாடும் வேலி அடைக்காத தோட்டமும்

பெரும்போக வயல்கள் பச்சை பிடித்திருந்த காலம். எங்கள் பாடசாலைத் தோட்டத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியர். தமிழ் படிப்பிக்கிறவனிடம் கத்தரிப் பாத்தியை ஏன் ஒப்படைத்தார்கள் என்று கேட்காதீர்கள், ஆள் பற்றாக்குறை. ஒருநாள் இடைவேளை முடிந்து மணியடித்த நேரம், பசு ஒன்றும் அதன் கன்றும் உள்ளே புகுந்து மூன்று பாத்தியையும் மொட்டையாக்கிவிட்டன. எனக்கு வந்த கோபத்தில் உள்ளூராட்சி சபைக்கு நானே கோல் எடுத்துச் சொன்னேன். வந்து பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை, தரம் ஒன்பதில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் வந்து நின்றார். கணவரை இழந்தவர். பசு அவருடையது. தண்டப்பணமும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து ஒரு மாதத்துப் பால் காசைத் தாண்டியிருந்தன. அவர் அழவில்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டார்:

“மாடு எண்டா மேயத்தான் செய்யும் சேர். பட்டப்பகல்ல கேற்றத் தொறந்து போட்டது ஆரு?”

என்னிடம் பதிலில்லை. கேற்றின் பிணைச்சல் உடைந்து மூன்று மாதமாகியிருந்தது. அதைத் திருத்தியிருக்க வேண்டியவனும் நான்தான். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவுதான் இக்கட்டுரை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘கட்டாக்காலி’ என்ற சொல்லை நாம் நாளாந்தம் பாவிக்கிறோம். ‘காலி’ என்றால் மாட்டுக்கூட்டம். ‘கன்றுகாலி’ என்பதில் வருகிற அதே காலி. கட்டப்படாத காலி கட்டாக்காலி. தமிழ்நாட்டு வழக்கில் இதையே ‘பட்டிமாடு’ என்பார்கள். ‘பட்டி’ என்ற சொல்லின் வேடிக்கை என்னவென்றால், அது மாட்டை அடைக்கும் இடத்துக்கும் பெயர், அடங்காமல் திரிகிற மாட்டுக்கும் பெயர். கலித்தொகையில் குறும்புக்காரப் பையன் ஒருவனைக் குறித்து வரும் ‘சிறுபட்டி’யும் இந்த இரண்டாவது பொருளைச் சேர்ந்ததுதான். அடைக்க ஓர் இடம் இருந்தால்தான் அதை மீறித் திரிகிறது என்று ஒரு மாட்டைக் குற்றஞ்சாட்டலாம். நம் மொழி இந்த இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

அல்குர்ஆனில் இந்த வழக்கு ஒன்று இருக்கிறது. ஸூரத்துல் அன்பியாவின் 78ஆம், 79ஆம் வசனங்களில், ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்தது பற்றித் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்தது சொல்லப்படுகிறது. அங்கே வருகிற ‘நஃபஷ’ என்ற அரபுச் சொல், மேய்ப்பனில்லாமல் இரவில் மேய்வதைக் குறிக்கும். ஏறக்குறைய நமது கட்டாக்காலிதான். விளக்கவுரையாளர்கள் தரும் விபரப்படி, நட்டத்துக்கு ஈடாக ஆடுகளையே நிலக்காரரிடம் கொடுக்கும்படி தாவூத் நபி தீர்ப்பளித்தார். ஸுலைமான் நபியின் தீர்ப்பு வேறு. ஆடுகள் கொஞ்சக் காலம் நிலக்காரரிடம் இருக்கட்டும். பாலையும் உரோமத்தையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். அதே காலத்தில் ஆட்டுக்காரர் அந்த நிலத்தைப் பண்படுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பயிர் மீண்டதும் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பட்டும். நிலக்காரரின் நட்டம் தீர்கிறது. ஆட்டுக்காரரின் சீவனோபாயமும் அழியவில்லை. இருவருக்கும் தீர்ப்பாற்றலும் ஞானமும் கொடுத்ததாகச் சொல்லும் குர்ஆன், இந்த வழக்கின் விளக்கத்தை ஸுலைமானுக்கு அருளியதாகச் சொல்கிறது.

அடுத்தது நபி (ஸல்) அவர்களின் காலத்து வழக்கு. பராஉ இப்னு ஆஸிப் (ரழி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்துக்குள் புகுந்து சேதம் செய்துவிட்டது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு. இரவில் கால்நடை செய்யும் சேதம் கால்நடைக்காரரின் பொறுப்பு என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியிருக்கிறது. பகலில் மாடு மேய்ந்தாக வேண்டும், தோட்டக்காரன் விழித்திருக்கிறான். இரவில் தோட்டக்காரன் உறங்குகிறான், மாட்டைக் கட்ட மாட்டுக்காரனால் முடியும். யாரால் எப்போது தடுக்க முடியுமோ, அவர் மேல் அப்போது பொறுப்பு.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இத்தீர்ப்பைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. ஓர் ஊரின் வழமை மாறியிருந்தால், அதாவது பகலில் மாட்டைக் கட்டி இரவில் மேயவிடுவது அங்கே வழக்கமென்றால், பொறுப்பும் மாறும் என்று ஷாபிஈ சட்ட அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். ஹனபிகளின் பார்வை வேறு. வாயில்லாச் சீவன் தானாகச் செய்த சேதத்துக்கு ஈடில்லை என்ற ஹதீஸை அவர்கள் பொதுவாக எடுத்துக்கொண்டார்கள். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டக்கோவையின் 94ஆம் உறுப்புரையாக அது இடம்பெற்றது.

மஜல்லா நிறைவுபெற்ற அதே 1876இல்தான் இலங்கையில் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னர், 1871இல், பிரித்தானிய இந்தியாவிலும் இப்படியொரு சட்டம் வந்திருந்தது. இவற்றின் பின்னால் இருந்தது ஆங்கிலேய நாட்டுப்புற வழமை: என் நிலத்தில் சேதம் செய்த பிராணியை நான் பிடித்து வைத்துக்கொள்ளலாம், நட்டஈடு தந்தால் விடுவேன். ஸுலைமான் நபியின் தீர்ப்பில் ஆடு பிடிபட்ட இடத்தில் பால் கொடுத்துக் கடனைத் தீர்த்தது. இங்கே பிடிபட்ட மாடு வெறும் பிணைப்பொருள்.

இப்படிச் சொல்வதால், வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாம் கெட்டது என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் வந்த நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயல் சம்பந்தமான பழைய வழமைகளுக்கே மீண்டும் உயிர் கொடுத்தது. வட்டை விதானைமாருக்கு அதன் மூலம் சட்டப் பலம் கிடைத்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் ஊர்க் குழுக்களுக்கு விதி ஆக்கும் அதிகாரம் கொடுத்தபோது, வேலியும் எல்லையும், மாட்டின் அத்துமீறலும், மேய்ச்சலும் ஒரே பட்டியலில் இருந்தன. மாட்டைப் பற்றி விதி செய்கிற அதே ஆட்கள்தான் வேலியைப் பற்றியும் புல்லைப் பற்றியும் விதி செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் மூத்தப்பாமார் வாழ்ந்த ஒழுங்கும் அதுதான். விதைப்புக்கு முந்திக் கூட்டம் வைத்துத் திகதி குறிப்பார்கள். அந்தத் திகதிக்குள் மாடுகள் வயலை விட்டு மேற்கே காட்டோரப் பட்டிகளுக்குப் போய்விட வேண்டும். அறுவடை முடிந்தால் திரும்பி வந்து ஒட்டுத்தாள் மேயும், வயலுக்கு எருவும் போடும். சேறு மிதிக்கவும் சூடு மிதிக்கவும் எருமை வேண்டியிருந்ததால் வயற்காரனுக்குப் பட்டிக்காரன் தேவைப்பட்டான். பட்டிக்காரன் தமிழனாகவும் வயற்காரன் முஸ்லிமாகவும் இருந்த இடங்களில் இரண்டு சமூகத்தையும் இந்தத் தேவை பிணைத்து வைத்திருந்தது.

பிறகு மூன்று மாற்றங்கள் நடந்தன. முதலாவது, 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காடும் புல்வெளியும் வயலாகின. நெல் கிடைத்தது, நன்மைதான்; ஆனால் மாடு போகிற இடம் சுருங்கியது. இரண்டாவது, உழவு இயந்திரம் வந்தது. வயற்காரனுக்கு எருமை வேண்டாமற்போனது. மூன்றாவது, அதிகாரம் பிரிந்தது. 1958இன் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் விதானையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. அதே வருடத்து 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டுச் சீட்டையும் தனியாக எடுத்தது. கிராமச் சங்கங்கள் போய் 1987இன் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் வந்தபோது, அவற்றின் கையில் மிஞ்சியது வீதியில் நிற்கிற மாடு மட்டும். பிடி, அடை, தண்டம் அறவிடு, யாரும் வராவிட்டால் ஏலத்தில் வில். மேய்ச்சல் தரை வேறு திணைக்களங்களின் விடயமாகிவிட்டது. மாடுகளை அகற்றும் திகதி ஆரம்பக் கூட்டங்களில் இன்றைக்கும் குறிக்கப்படுகிறது. எங்கே அகற்றுவது என்பதற்குத்தான் விடையில்லை.

மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியோரம் உட்கார்ந்து போராடத் தொடங்கியது மேய்ச்சல் தரைக்காகத்தான். அம்பாறையின் வட்டமடுவில் எங்கள் வயற்காரருக்கும் தமிழ்ப் பட்டிக்காரருக்கும் இடையில் நீண்ட காலமாக இழுபடுகிற பிணக்கும் புல்லா நெல்லா என்பதுதான். அதில் எங்கள் பக்கத்து நியாயத்தை நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் இரவில் மெயின் ரோட்டில் படுத்திருக்கிற மாட்டில் மோதி எங்கள் பிள்ளைகள் கைகால் முறிக்கிறபோது, அந்த மாடு ஏன் ரோட்டுக்கு வந்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம். காட்டோரத்தில் புல்லில்லை என்றால் மாடு ஊருக்குத்தான் வரும்.

மாட்டுக்காரரை நான் விடுவிக்கவில்லை. பால் கறக்க மட்டும் மாட்டைத் தேடி, மற்ற நேரம் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்னவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். இரவில் கட்டாதவனிடம் முழுத் தண்டமும் அறவிட வேண்டும். அதில் மார்க்கச் சட்டமும் நாட்டுச் சட்டமும் ஒன்றுபடுகின்றன. என் வாதம் இதுதான்: கட்டாக்காலி பற்றிய நல்ல விதி எதுவும் ஒரு காலில் நின்றதில்லை. மாட்டுக்காரனுக்கு ஒரு கடமை, தோட்டக்காரனுக்கு ஒரு கடமை, மாட்டுக்கு ஓர் இடம், இவை மூன்றும் சேர்ந்தே நின்றன. நாம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டுவிட்டோம். நம் சபைகள் அடுத்த முறை உபவிதி வரையும்போது பகலையும் இரவையும் பிரித்துப் பார்க்கலாம். அடைக்காத வளவுக்காரரின் முறைப்பாட்டை வேறாக எடுக்கலாம். வயல்கள் மூடியிருக்கும் மாதங்களில் மாடு நிற்க ஒரு துண்டு நிலத்தைக் கமநலத் திணைக்களத்தோடு பேசி ஒதுக்கலாம். உறுப்பினர்களில் பலர் எங்களிடம் படித்தவர்கள்தான், சொன்னால் கேட்பார்கள்.

அந்தத் தாயோடு சபைக்கு நானும் போனேன். நபியவர்களின் தீர்ப்புப்படி பகற்சேதம் தோட்டக்காரன் தலையில் என்பதால், தண்டத்தை நான்தான் கட்ட வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பாதி நீங்க, பாதி நான்” என்றார். அப்படியே கட்டினோம். அடுத்த சனிக்கிழமை அவருடைய மகன் இரண்டு உரப்பை நிறைய மாட்டெரு கொண்டுவந்து பாத்தியில் கொட்டினான். யாரும் கேட்கவில்லை. நான் பிணைச்சல் வாங்கி வந்து கேற்றைப் பூட்டினேன், அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.