காசும் காஷும்

ஒலியால் ஒத்த இரு சொற்கள் பிறப்பாலும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஷ்’ என்னும் சொல் இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்றாகும். கைப்பணம் என்னும் பொருளில் உலகெங்கும் வழங்கும் அச்சொல், நம் ‘காசு’ என்பதன் திரிபே என்று பலர் பெருமிதத்தோடு கூறுவர். அக்கூற்றில் மெய்யும் உண்டு; பிழையும் உண்டு.

ஆங்கிலத்தில் ‘காஷ்’ என்பது ஒரு சொல் அன்று, இரு சொற்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றே, தாயகம் வேறு.

முதற்சொல் ஐரோப்பாவிற் பிறந்தது. இலத்தீன் மொழியில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி. அஃது இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ என மருவி, வணிகர் பணம் வைக்கும் பேழையைக் குறித்தது. பிரெஞ்சு மொழியிலும் அதன் இனச்சொல் வழங்கிற்று. இவற்றின் வழியே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்த ‘காஷ்’, பணப்பெட்டியைக் குறித்ததோடு, ஆகுபெயராய் அதனுள் இருந்த பணத்தையும் குறித்தது. நாளடைவிற் பெட்டி என்னும் பொருள் வழக்கொழிந்தது. பணம் என்னும் பொருளே எஞ்சியது. ஆகவே, இன்று கடைகளிலும் வங்கிகளிலும் ஒலிக்கும் ‘காஷ்’ நம் காசின் வழித்தோன்றல் அன்று.

இரண்டாஞ் சொல்லே நம்முடையது. தமிழிற் காசு பழமையான சொல். மேகலையிற் கோத்த மணிக்கும் அது பெயராயிற்று. வெண்பாவின் ஈற்றுச் சீருக்குரிய வாய்பாடுகளுள் ஒன்றும் காசு. வடமொழியிற் கர்ஷம் என்னும் எடைப் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள், கோயில் முதலாகக் கடன் கொடுக்கப்பட்ட காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என விதிக்கின்றன. ஈழக்காசு என்னும் நாணயமும் சோழர் கல்வெட்டுக்களிற் பேசப்படுகின்றது.

1498இல் இந்தியக் கரையை அடைந்த போர்த்துக்கீசர், கீழைநாட்டுச் சிறுநாணயங்களைக் ‘காய்ஷா’ என்றனர். அவர்தம் மொழியிற் பெட்டிக்கும் அதுவே பெயர்; அதுவும் ‘காப்ஸா’வின் வழிவந்ததே. இவ்வாறு இரு சொற்களும் ஒரு வடிவில் வந்து கலந்தன. அவ்வடிவமே ஆங்கிலேயர் நாவிற் ‘காஷ்’ ஆயிற்று. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் ஆகியோரின் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி, நாணயப் பெயரான காஷுக்குத் தமிழ்க் காசையே மூலமாகக் காட்டுகின்றது.

சென்னையில் ஆங்கிலேயர் 80 காசுக்கு ஒரு பணம், 42 பணத்துக்கு ஒரு நட்சத்திர வராகன் எனக் கணக்கு வைத்தனர். 1818இல் ரூபாயே அங்குத் திட்ட நாணயமான பின் அம்முறை மறைந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரமாயும், 28 சக்கரம் ஒரு ரூபாயாயும் 1949 வரை வழங்கின. தரங்கம்பாடியில் டேனியரும் தம் சிறுநாணயத்தைக் ‘காஸ்’ என்றே அழைத்தனர். இவற்றினும் வியப்பு, நடுவிற் சதுரத் துளையிட்டுக் கயிற்றிற் கோக்கப்பட்ட சீனச் செப்புநாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே இட்டமை. சீனர் அதனை அவ்வாறு அழைத்ததில்லை. தமிழ்ச்சொல் ஒன்று பிறர் நாவேறிச் சீனம் வரை சென்றது.

பணம் அனைத்தையுமே காசு எனக் கூறும் ஈழத்தமிழர்க்கு, இவ்விரு சொற்களும் ஒன்றே எனத் தோன்றுதல் இயல்பு. பணப்பெட்டியைக் காப்பவர் என்னும் கருத்திற் பிறந்த ஆங்கிலப் பதவிப் பெயரைத் தமிழிற் ‘காசாளர்’ என்று வழங்குகின்றோம். மயக்கம் அதனால் மேலும் வலுப்படுகின்றது. மயக்கம் நீங்கினால் தமிழுக்கு இழப்பு யாதுமில்லை. நமதல்லாத பெட்டியை உரிமை கொண்டாடுவதினும், கடல் கடந்து சென்ற நம் காசின் வரலாற்றை அறிந்திருத்தலே மொழிக்குப் பெருமை தருவதாம்.