இரத்தத்தில் செம்பைத் தேடிய கதை

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜெம் ஆகியோர் பாலை மட்டுமே கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. சுத்தமான இரும்பு உப்பைக் கொடுத்தும் குணமாகவில்லை. இரும்போடு துளி செம்பும் சேர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் ஏறியது. 1928-இல் இந்த முடிவு வெளியானது.

சரி, ஒரு மனிதருக்குச் செம்பு குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செம்பு அதிகம் சேர்ந்திருப்பது கல்லீரலில். எல்லோருடைய கல்லீரலிலும் ஊசி போட்டுப் பார்க்க முடியாது. மிஞ்சுவது இரத்தம்தான்.

1948-இல் சுவீடனின் ஹோல்ம்பெர்க், லாரெல் இருவரும் இரத்தத்திலிருந்து ஒரு நீல நிறப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வானநீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி அதற்குச் செருலோபிளாஸ்மின் என்று பெயர் வைத்தார்கள் (ரசனையுள்ளவர்கள்!). பிளாஸ்மாவிலுள்ள செம்பின் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது. இது வெறும் சுமைகூலி அல்ல, நொதியும்கூட. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, டிரான்ஸ்ஃபெரின் அதை ஏற்றுக்கொள்ளும்படி மாற்றுகிறது என்று 1966-இல் ஃப்ரீடன் குழுவினர் காட்டினார்கள். இரும்பு மட்டும் ஏன் போதவில்லை என்ற எலிகளின் புதிருக்கு அதில் பாதி விடை கிடைத்தது.

இதற்கிடையே 1964-இல் பெருவின் லிமா நகரிலிருந்து கார்டானோ, பேர்டில், கிரஹாம் ஆகியோரின் கட்டுரை வந்தது. ஊட்டச்சத்துக் குறைவிலிருந்து தேறிவந்த, பாலையே முக்கிய உணவாகக் கொண்ட குழந்தைகளுக்கு இரத்தசோகை வந்தது, வெள்ளணுக்கள் குறைந்தன, எலும்பும் பாதிக்கப்பட்டது. செம்பு கொடுத்ததும் தேறினார்கள்.

சிக்கலும் இப்படிப்பட்ட குழந்தைகளிடம்தான். உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் கல்லீரல் செருலோபிளாஸ்மினைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அப்படித்தான். ஆகவே செம்பு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பரிசோதனை எண் 'இயல்பு' என்று பொய் சொல்லிவிடலாம்.

அதனால் ஆய்வாளர்களின் கவனம் அணுக்களுக்குள் இருக்கும் நொதிகள் பக்கம் திரும்பியது. 1938-இலேயே கேம்பிரிட்ஜில் மானும் கெய்லினும் சிவப்பணுவிலிருந்து செம்பு கொண்ட ஒரு புரதத்தைப் பிரித்திருந்தார்கள். அது எதற்கு என்பது மட்டும் புரியவில்லை. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அதுதான் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி என்றார்கள். ஆனால் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். நேற்றைய சாப்பாட்டை அது இன்று காட்டிக்கொடுக்காது. சுமார் 10 நாளே வாழும் இரத்தத் தட்டுகளில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் விரைவாக மாறும். அமெரிக்க வேளாண்துறையின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆய்வகத்தினர் இதை நம்பிக்கையோடு அளந்தார்கள். ஆனால் அந்த நொதி சீக்கிரம் செயலிழக்கும். ஆளுக்கு ஆள் அளவும் வெகுவாக வேறுபடும்.

2003-இல் எலி ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டின. டிஸ்மியூட்டேஸுக்குள் செம்பைக் கொண்டுபோய் வைக்கும் சி.சி.எஸ். என்ற துணைப் புரதம், செம்பு குறையும்போது குறைவதற்குப் பதில் கூடுகிறது. மருத்துவமனைகளில் இன்றும் முதலில் பார்ப்பது சீரம் செம்பும் செருலோபிளாஸ்மினும்தான். கடுமையான குறைபாட்டை அவை பெரும்பாலும் பிடித்துவிடும். நழுவிப்போவது லேசான குறைபாடு.