அறிவிக்க வேண்டியவர் யார்? ஓசூர் எல்லையின் டெலிவரி உழைப்பும் 113ஆம் பிரிவும்

டெலிவரித் தொழிலில் கணக்கில் வராத உழைப்பு பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது: தொழிலாளர்கள் நலவாரியங்களில் பதிந்துகொள்வதில்லை, விழிப்புணர்வு இல்லாததே காரணம், பதிவு முகாம்களே தீர்வு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020இன் 113ஆம் பிரிவைத் தனியே வாசித்ததன் விளைவு இது. அடுத்த பிரிவோடு சேர்த்து வாசித்தால் இம்முடிவு நிற்காது. தமிழ்நாடு, கர்நாடகம் என்ற இரு மாநிலங்களின் சட்டங்கள் ஒரே நெடுஞ்சாலையில் முட்டிக்கொள்ளும் ஓசூரில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

113ஆம் பிரிவு அமைப்புசாராத் தொழிலாளர், கிக் தொழிலாளர், இயங்குதளத் தொழிலாளர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பதினாறு வயது நிறைந்தவர் சுயஅறிவிப்பு அளித்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. வீட்டுவேலை செய்பவருக்கு இது பொருந்தும். அவர் உழைப்பை வேறெவரும் எழுதிவைப்பதில்லை. அவர் சொன்னால்தான் அரசுக்குத் தெரியும். டெலிவரி ஊழியரின் நிலை நேர்மாறானது. ஆர்டர் வந்த நேரம், எடுத்த கடை, கொடுத்த வீடு, கிடைத்த தொகை அனைத்தும் நிறுவனத்தின் கணினியில் பதிவாகின்றன. சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. ஆப் நடத்தும் திரட்டி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் செலுத்த வேண்டும் என்றும், அது தொழிலாளர்க்கு வழங்கிய அல்லது வழங்க வேண்டிய தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் 114ஆம் பிரிவு விதிக்கிறது. யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு இல்லாமல் இந்த உச்சவரம்பைக் கணக்கிடவே முடியாது. ஆக, 114 உண்டு என்று கொள்ளும் பேரேட்டை 113 இல்லை என்று கொள்கிறது. இது வரைந்தவர்களின் உள்நோக்கம் என்று சொல்ல நான் துணியவில்லை. கவனக்குறைவாகவும் இருக்கலாம். ஆனால் அறிவிக்கும் சுமை தவறான தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிறுவனங்களிடம் ஊழியர் பட்டியல் வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் விடை சொல்லக்கூடும். பட்டியல் ஆளைக் காட்டும். அவர் உழைத்த இடத்தைக் காட்டாது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அது பட்டியலை 45 நாளில் நிறுவனத்திடமே கேட்கிறது. அதோடு நில்லாமல், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஊழியர் பெறும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக்கட்டணம் வைக்கிறது. தமிழ்நாடு 2023இல் அமைத்த கிக் தொழிலாளர் நலவாரியம் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவது. தொழிலாளர் விண்ணப்பித்துப் பதிவதே அதன் வாசல். பதிந்த 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் என்ற 2025-26 நிதிநிலை அறிவிப்பும் அந்த வாசலைத் தாண்டியவர்க்கே. அத்திப்பள்ளியில் ஓட்டுபவரின் நலக்கட்டணம் ஆர்டரோடு பிறக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி ஜூஜூவாடியில் ஓட்டுபவர் படிவம் நிரப்பினால்தான் அரசின் கண்ணுக்கே தெரிகிறார். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஆர்டர் எடுப்பவர் எந்த வாரியத்துக்கு உரியவர் என்ற கேள்விக்கு முகவரியும் வண்டி எண்ணும் விடை தராது. ஆர்டர் தரும்.

அந்த விடையை வரித்துறை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. ஆப் வழி வாங்கும் உணவக உணவுக்கான சரக்கு, சேவை வரியை 2022 ஜனவரி 1 முதல் ஆப் நிறுவனமே செலுத்துகிறது. வரிப்பதிவு தேவைப்படாத ஊழியர் ஆப் வழியே செய்யும் உள்ளூர் டெலிவரியும் 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் அதே 9(5) பிரிவுக்குள் வந்தது. 18 சதவீத வரி நிறுவனத்தின் பொறுப்பு. நம் துறையில் இது வெறும் வரிச் செய்தியாகக் கடந்துபோனது வியப்புக்குரியது. ஊழியரிடம் எந்த அறிவிப்பும் கேட்காமல், அவர் செய்த சேவையை அரசு ஆர்டர் வழியே கணக்கிட்டு, எந்த மாநிலத்துக்கு உரியது என்றும் பிரிக்கிறது. எல்லை தாண்டும் ஆர்டருக்கும் விதி உண்டு: பதிவில்லாத வாடிக்கையாளருக்கான சரக்குப் போக்குவரத்தில், கொண்டுசெல்வதற்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்ட இடமே சேவையின் இடம் என்கிறது ஒருங்கிணைந்த வரிச் சட்டத்தின் 12(8) பிரிவு. வரிக்குக் கிடைக்கும் தகவல் தொழிலாளர் துறைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

தமிழ்நாட்டுக்கு இம்முறை புதிதும் அன்று. கட்டடத் தொழிலாளர் நலநிதி, கொத்தனார் பதிந்தாரா என்று பார்த்து வசூலிக்கப்படுவதில்லை. கட்டட வரைபட அனுமதியின்போதே உள்ளாட்சியில் வசூலாகிவிடுகிறது. வேலை நடக்கும் இடத்தில் பணம், பிறகு ஆளைத் தேடிப் பலன் என்பது அதே 1982 சட்டத்தின் நிழலில் வளர்ந்த வழக்கம். டெலிவரிக்கு வந்தபோதுதான் வரிசை தலைகீழானது.

ஆர்டர்வழிக் கணக்குக்கு எழும் மறுப்புகளில் ஒன்றே கனமானது. ஒருவர் ஐடியில் இன்னொருவர் ஓட்டினால், கட்டணம் ஐடிக்காரர் பெயரில் சேரும். உண்மை. ஆனால் சுயஅறிவிப்பு முறையில் அந்த இன்னொருவர் எங்குமே இல்லை. ஆர்டர் பேரேட்டில் விபத்து நேரமும் வண்டி நின்ற இடமுமாவது சான்றாக நிற்கும். கட்டணச் சுமை வாடிக்கையாளர் தலையில் விழும் என்பது எல்லா நலநிதிக்கும் சொல்லப்பட்ட வாதம். அதில் நின்று பேச ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறைபோல ஊழியர் என்ற தகுநிலையை முதலில் தீர்க்க வேண்டும் என்போரோடு எனக்குப் பகையில்லை. அந்த விவாதம் முடியும்வரை ஓசூர்க்காரர் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது சிறியது. தமிழ்நாடு ஆர்டர்வாரியான நலக்கட்டணத்தை விதித்து, பொருள் எடுத்த இடத்தை வைத்து வாரியத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஊழியர் ஈட்டிய உரிமையை இரு வாரியங்களும் பரஸ்பரம் ஏற்க ஓர் ஒப்பந்தம் வேண்டும். 113இன் சுயஅறிவிப்பு, கணக்கில் விடுபட்டவர் தன் உரிமையைக் கோரும் வழியாக மட்டும் எஞ்சட்டும்.