தமனிக் கூழ்மைத் தடிப்பில் நோய்த்தடுப்புச் செல்கள்

தமனிக் கூழ்மைத் தடிப்பு என்பது தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு, செல்கள், நார்ப்பொருள், சுண்ணாம்பு ஆகியவை சேர்ந்து திட்டுத் திட்டாகத் தடித்துப்போகும் நோய். மாரடைப்புக்கும் பக்கவாதத்தில் கணிசமான பங்குக்கும் இதுவே காரணம். “இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது” என்று பேச்சில் சொல்வோம். சாக்கடைக் குழாயின் உட்புறத்தில் அழுக்கு ஒட்டுவதைப் போன்ற படம் அது, தவறான படமும்கூட. கொழுப்பு சேர்வது குழாயின் உட்பரப்பில் அல்ல, உட்படலத்துக்கு அடியில், உயிருள்ள சுவருக்குள்ளே. அங்கே அதை எதிர்கொள்பவை இரத்தத்தின் வெள்ளணுக்கள்.

1904இல் லைப்சிக் நகர நோயியலாளர் ஃபீலிக்ஸ் மார்ஷாண்ட் இந்நோய்க்குப் பெயர் வைத்தபோது, கூழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கெட்டிப்படுதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தார். திட்டை அறுத்தால் உள்ளே கூழ் போன்ற பொருள் இருந்தது. தமிழ்ப் பெயரும் அதைத் தழுவியதே. அந்தக் கூழில் கொழுப்போடு செத்துப்போன வெள்ளணுக்களின் மிச்சமும் கலந்திருக்கிறது.

இது அழற்சி நோயா, வெறும் படிவா என்ற வழக்கு அதற்கும் அரை நூற்றாண்டு முந்தையது. வியன்னாவின் கார்ல் ரோகிடான்ஸ்கி, இரத்தத்திலிருந்து வரும் பொருள் சுவரில் படிகிறது என்றார். பெர்லினின் ருடால்ஃப் விர்க்கோ 1856இல் இதை மறுத்து, அழற்சியே தொடக்கம் என்றார். இருவரும் பாதி சரி. ஆனால் விர்க்கோவின் அழற்சியில் வெள்ளணுக்களுக்குச் சொல்லும்படியான வேலை இல்லை. செல்கள் அயற்பொருளை விழுங்குகின்றன என்பதை உயிரியலாளர் மெச்னிகாஃப் 1882இல் மெசினாவில் நட்சத்திரமீனின் குஞ்சுகளில் கண்ட பிறகே அப்படியொரு எண்ணத்துக்கு வழி பிறந்தது.

1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிகோலாய் அனிச்கோவும் செமியோன் கலாதோவும் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார்கள். தமனிகளில் திட்டுகள் தோன்றின. கொழுப்புத் துளிகளால் ஊதி, நுண்ணோக்கியில் நுரை போலத் தெரிந்த செல்களையும் அனிச்கோவ் விரிவாக எழுதிவைத்தார். உலகம் எடுத்துக்கொண்டது முதல் செய்தியை மட்டும், அதையும் தயங்கித்தான். எலியிலும் நாயிலும் இந்தச் சோதனை பலிக்காததால், முயல் இலைதின்னி என்று தள்ளியவர்கள் ஏராளம். நுரைச் செல்களோ குப்பை அள்ள வந்தவை என்ற அளவில் நின்றுபோயின. அவை இரத்தத்தின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களிலிருந்து வருபவை என்பது 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் பூல், ஃபுளோரி இருவரின் முயல் ஆய்விலும், 1980களின் தொடக்கத்தில் பன்றிகளில் நடந்த மின்னணு நுண்ணோக்கி ஆய்வுகளிலும் தெளிவாயிற்று. மோனோசைட்டுகள் உட்படலத்தில் ஒட்டி, செல்களின் இடுக்கு வழியே நுழைந்து, உள்ளே போய்ப் பெருவிழுங்கிகளாக மாறுகின்றன.

அவை ஏன் இப்படிக் கொழுக்கின்றன என்பதே இந்த வரலாற்றின் சுவையான முடிச்சு. டெக்சாஸின் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும், இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகளைச் செல்லுக்குள் எடுக்கும் ஏற்பியைக் கண்டவர்கள்; 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். செல்லுக்குப் போதுமான கொலஸ்டிரால் கிடைத்ததும் இந்த ஏற்பி குறைந்துவிடும். வயிறு நிறைந்தவர் இலையை மூடுவது போல. அப்படியானால் நுரைச் செல்லே உருவாகக் கூடாது. அதைவிட வியப்பு, இந்த ஏற்பி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குத்தான் மிகக் கொடுமையான தமனித் தடிப்பு வந்தது. அவர்கள் தமனிகளிலும் நுரைச் செல்கள் நிறைந்திருந்தன. 1979இல் இருவரும் விடையின் ஒரு முனையைப் பிடித்தார்கள். இயல்பான எல்.டி.எல்.லைப் பெருவிழுங்கிகள் அதிகம் தொடுவதில்லை. வேதிமாற்றம் செய்து கொடுத்தால் வேறொரு ஏற்பி வழியே அளவின்றி விழுங்குகின்றன. அந்த ஏற்பிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. ஆய்வகத்தில் செய்த அந்த மாற்றம் உடலுக்குள் நடப்பதல்ல. சான் டியேகோவில் டேனியல் ஸ்டைன்பர்கின் குழு மறுமுனையைக் காட்டியது: தமனிச் சுவரில் சிக்கிய எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைகிறது, விழுங்கிகள் அதை அயற்பொருளாகவே நடத்துகின்றன.

அயற்பொருள் என்றால் வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி-செல்களும் வர வேண்டுமே? வந்திருந்தன. 1986இல் ஸ்வீடனில் யோரான் ஹான்சனின் குழு, அறுவையில் எடுத்த மனிதத் திட்டுகளை ஆராய்ந்து, அவற்றில் டி-செல்கள் திரளாக இருப்பதைக் காட்டியது. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா பெருவிழுங்கிகளை உசுப்பிவிடும்; திட்டின் மேல்மூடிக்குக் கொல்லாஜன் நெய்யும் தசைச் செல்களின் கையைக் கட்டும். உசுப்பப்பட்ட விழுங்கிகள் இருக்கும் கொல்லாஜனையும் அரிக்கும் நொதிகளைக் கொட்டும். மூடி மெலிந்து கிழிந்தால் உள்ளிருக்கும் கூழ் இரத்தத்தைத் தொட்டு, நிமிடங்களில் உறைகட்டி உண்டாகும். மாரடைப்பில் இறந்தவர்களின் தமனிகளை 1994இல் ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் நோயியலாளர்கள், கிழிந்த இடங்களில் பெருவிழுங்கிகளும் டி-செல்களும் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஆகவே திட்டின் பருமனைவிட அதற்குள் நடக்கும் சண்டையே ஆளைக் கொல்கிறது எனலாம்.

1999 ஜனவரியில் சியாட்டிலின் ரஸ்ஸல் ராஸ் எழுதிய மதிப்பாய்வு, தமனிக் கூழ்மைத் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று தலைப்பிலேயே அறிவித்தது. அவர் அடுத்த இரண்டே மாதங்களில் இறந்துபோனார். எல்லாச் செல்களும் கெடுதல் செய்வதில்லை என்பது பின்னர் தெளிந்தது. ஒழுங்குபடுத்தும் டி-செல்கள் சுண்டெலிகளில் நோயைத் தணிக்கின்றன. பி-செல்களின் சில எதிர்ப்பொருள்களும் அப்படியே. கொலஸ்டிரால் படிகங்கள் பெருவிழுங்கிகளுக்குள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 உற்பத்தியை முடுக்குவது 2010இல் தெரியவந்தது.

அழற்சியைத் தடுத்தால் பயன் உண்டு என்பதற்கு மனிதரில் முதல் தெளிவான சான்று 2017இல் கிடைத்தது. முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் நடந்த கேன்டோஸ் சோதனையில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசி எல்.டி.எல். கொலஸ்டிராலைக் குறைக்காமலே, 150 மில்லிகிராம் அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 15 விழுக்காடு குறைத்தது. கொள்கை வென்றது, மருந்து வெல்லவில்லை: உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த இறப்பு மாறவில்லை, விலையும் எட்டாத உயரம். அடுத்து முயன்ற மெத்தோட்ரெக்சேட் பலன் தரவில்லை.

கவுட் என்ற மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்பட்டுவந்த பழைய, மலிவான கோல்ச்சிசின் பலித்தது. நாட்பட்ட இதயநோயாளிகள் 5,522 பேரிடம் தினம் அரை மில்லிகிராம் கொடுத்த 2020 ஆய்வில் இதய நிகழ்வுகள் 31 விழுக்காடு குறைந்தன. 2023இல் அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் புதிதாக மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் பயன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது என்பதில் மருத்துவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கோல்ச்சிசின் நம் ஊருக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது இருக்கிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. இதயத்துக்கு நல்லது என்று கேட்டு அந்தக் கிழங்கை யாரும் வாயில் வைத்துவிட வேண்டாம், தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.