'காலங்காலமா'ன்னா எந்த வருஷத்துலேர்ந்து?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. தீசிஸ் வேலை உயிரை வாங்குது. இன்னிக்கும் அதைத்தான் எழுதிட்டு இருந்திருக்கணும். ஆனா போன சனிக்கிழமை நடந்த ஒரு சின்ன விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும்.

சூரிச்சில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தோட வீட்டில் எனக்கு ஒரு ரூம். அங்கிள் 1985ல் இங்கே வந்தவர். ஓட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சு, சமையல்காரராகி, இப்போ ரிட்டையர் ஆகி பால்கனியில் கறிவேப்பிலை வளர்க்கிறார். அன்ரி 1991ல் வந்தவர். நான் திருச்சிக்காரன், வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது.

மேட்டர் இதுதான். அவசரத்தில் நான் ஒரு சூப்பர் மார்க்கெட் பையில் குப்பையைக் கட்டி, கீழே இருக்கிற பெரிய தொட்டியில் போட்டுட்டேன். இந்த ஊரில் அது குத்தம். குப்பைக்குன்னு நகராட்சி விற்கிற பையில்தான் போடணும், அந்தப் பையோட விலையிலேயே குப்பை அள்ளுற கூலி அடக்கம். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் (முப்பது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும்) அந்தப் பையைக் கையில் பிடிச்சுக்கிட்டு நேரா அங்கிள் கிட்ட வந்தார். மரியாதையாத்தான் பேசினார். ஆனா பேச்சோட சாரம் இது: எங்க நாட்டில் காலங்காலமா இப்படித்தான், வந்தவங்க கத்துக்கணும்.

நான் உள்ளே வெலவெலத்துப் போய் நிக்கிறேன். அங்கிள் என்னைக் காட்டிக் கொடுக்கல. சுவிஸ் ஜெர்மனில் மெதுவா என்னமோ சொன்னார், அந்த மனுஷன் கொஞ்ச நேரம் முழிச்சிட்டு, சிரிச்சிட்டுப் போயிட்டார். என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.

"தம்பி, நான் வரேக்க இந்தப் பையே இல்லை. எந்தப் பையில கட்டி வைச்சாலும் எடுத்துக்கொண்டு போவினம். இது 93ல வந்தது. அதைத்தான் சொன்னனான்."

அப்படின்னா அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போ பால்குடி வயசு. அங்கிள் அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே இங்கே குப்பை கொட்டினவர். (சிலேடை தானா வந்து விழுந்தது, மன்னிக்கவும் :-))

நான் படிக்கிறது நீர் மேலாண்மை. வரலாறெல்லாம் நம்ம சப்ஜெக்ட் இல்ல. ஆனாலும் இது ஒரு அரிப்பா ஒட்டிக்கிச்சு. வந்த புதுசில் நான் வாயைப் பிளந்து பார்த்த இந்த ஊர்ப் பழக்கம் ஒவ்வொண்ணுக்கும் பிறந்த தேதி என்னன்னு லைப்ரரியில் தோண்ட ஆரம்பிச்சேன்.

குப்பைப் பையே முதல்ல. காசு கொடுத்து வாங்குற பை முதன்முதலில் வந்தது செயின்ட் காலன் நகரில், 1975ல். நிறைய குப்பை போடுறவன் நிறைய கட்டட்டும்கிற கணக்கு. சூரிச்சுக்கு அது வந்து சேர 1993 ஆச்சு. குப்பை போடுறவரே செலவையும் ஏத்துக்கணும்னு நாடு முழுக்கப் பொதுவா மத்திய சட்டத்தில் எழுதினது 1997ல். அதுக்கப்புறமும் வோ மாநிலம் 2013ல்தான் வழிக்கு வந்தது. ஜெனீவா இன்னும் வரவே இல்ல! ஆக, 'எங்க நாட்டில் இப்படித்தான்'னு ஜெனீவாக்காரர் கிட்ட சொன்னா அவர்தான் முதல்ல சிரிப்பார். பழைய பேப்பரைச் சதுரமா அடுக்கி, கயிறு கட்டி, குறிச்ச நாளில் வாசலில் வைக்கிறதும் இதோட ஒட்டின பழக்கம். நம்ம ஊரில் பழைய பேப்பர்க்காரர் தராசோட வந்து நமக்குக் காசு கொடுப்பார். இங்கே நாம அழகா கட்டி ஓசியில் கொடுக்கணும். அன்ரி கட்டுற கட்டைப் பார்த்தா கல்யாணச் சீர் மாதிரி இருக்கும்.

அடுத்தது ரயில். சுவிஸ்னு சொன்னதும் நம்மாளுங்க எல்லாருக்கும் ஞாபகம் வர்ற சமாச்சாரம். எல்லா ஊருக்கும், ஒவ்வொரு மணி நேரமும், அதே நிமிஷத்தில் வண்டி. ஏதோ வில்லியம் டெல் காலத்திலிருந்தே இப்படின்னு நினைச்சிருந்தேன். 1972ல் ரயில்வேயில் இருந்த சில இளம் இஞ்சினியர்கள் போட்ட யோசனை இது. சாமுவேல் ஷ்டேலி என்பவர் அவங்கள்ல முக்கியமானவர். தங்கள் குழுவுக்கு வேடிக்கையா வெச்சுக்கிட்ட பேரு என்ன தெரியுமா? 'கிறுக்கர் கிளப்'! பத்து வருஷம் மன்றாடி, 1982 மே 23ல் தான் நாடு முழுக்க மணிக்கொரு ரயில் ஓட ஆரம்பிச்சது. சூரிச்சோட எஸ்-பான் லோக்கல் ரயில் 1990 மேயில். அதாவது அங்கிள் முதல் சம்பளத்தில் சீசன் டிக்கெட் வாங்கினப்போ மணிக்கொரு ரயிலுக்கு மூணு வயசு, எஸ்-பான் பிறக்கவே இல்ல.

சலவை அறை பத்தி ஒரு தனிப் பதிவே போடலாம். அடுக்குமாடிக்கு ஒரே ஒரு சலவை அறை, நிலத்தடியில். யாருக்கு எந்த நாள்னு சுவரில் ஒரு அட்டவணை. உங்க நாள் முடிஞ்சதும் மெஷினைத் துடைச்சு, பஞ்சை எடுத்துட்டு, சாவியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கணும். எங்க கட்டடத்தில் இதுக்கெல்லாம் தலைவி, கீழ்த்தளத்தில் இருக்கிற பாட்டி, தொண்ணூறை நெருங்குறவர். வந்த முதல் மாசமே பஞ்சு எடுக்காததுக்கு என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சு டோஸ் விட்டார். இது வந்தேறிகளுக்கு மட்டும் தோணுற விசித்திரம் இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஹியூகோ லோச்சர்னு ஒரு சுவிஸ் எழுத்தாளர், 1983லேயே 'சலவை அறைச் சாவி'ங்கிற தலைப்பில் ஒரு புத்தகம் போட்டு, தன் சொந்த ஜனங்களையே கிண்டலடிச்சிருக்கார்.

எல்லாமே நேத்து முளைச்சதுன்னும் சொல்லிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை நிசப்தம் நிஜமாவே பழசு. கடை கிடையாது, புல்வெட்டும் மெஷின் கிடையாது, பாட்டிலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடக்கூட கூடாது. கோயில் மணியில் ஆரம்பிச்ச கதை அது. 1877ல் வந்த தொழிற்சாலைச் சட்டமே ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பொதுவா தடை செஞ்சிருக்கு. இதில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா நான் தலையாட்டிக்கிறேன்.

இப்போ நிலவறைக்குப் போவோம். சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு கதவு. கதவா அது, கோட்டை! ஒரு சாண் கனத்துக்குக் கான்கிரீட், பெரிய இரும்புக் கைப்பிடி. அணுகுண்டு போட்டா ஒளிஞ்சுக்கிற அறை. 1962 அக்டோபரில் கியூபாவை வெச்சு உலகமே நடுங்குச்சு இல்லையா, அடுத்த வருஷமே, 1963ல், புது வீடு கட்டினா கூடவே இதையும் கட்டணும்னு சட்டம் போட்டுட்டாங்க. இன்னிக்கு நாட்டோட மக்கள்தொகை அத்தனைக்கும் இடம் இருக்கிற அளவுக்கு இந்த அறைகள் இருக்கு. போரே பார்க்காத நாடு! எங்க கட்டடத்து அறையில் பனிச்சறுக்குக் கட்டைகளும், உருளைக்கிழங்கு மூட்டையும், யாரோ சேர்த்து வெச்ச வைன் பாட்டில்களும் இருக்கு.

நான் அதைப் பார்த்துச் சிரிச்சேன். அன்ரி சிரிக்கல.

"எங்கட வளவுக்குள்ளயும் பங்கர் வெட்டினனாங்கள் தம்பி. 90ல. அப்பா பனங்குத்தியை மேல அடுக்கி, மண்மூட்டை போட்டவர். பொம்மர் சத்தம் கேட்டால் ஓடிப்போய் இருக்கிறதுதான். அதுக்குள்ள பாம்பும் வரும். இஞ்ச வந்து இறங்கினால், முதல் படுக்கவிட்ட இடமும் பங்கர்தான். ஆனால் லைட் எரியும், சுடுதண்ணி வரும். முதல் ரெண்டு கிழமை எனக்கு நித்திரையே இல்லை."

1991ல் மட்டும் சுவிஸில் 41,000 பேருக்கு மேல் அடைக்கலம் கேட்டாங்க. தங்க வைக்க இடம் போதாம, நிலத்தடி ஊராட்சிப் பதுங்கு அறைகளைத் திறந்து விட்டாங்க. வரவே வராத போருக்காகக் கட்டி வெச்ச இடத்துக்கு முதல் விருந்தாளியா வந்தது, நிஜப் போரிலிருந்து ஓடி வந்தவங்க. இதுக்கு மேல நான் அன்ரி கிட்ட எதுவும் கேட்கல.

என்னை நிஜமாவே உட்கார வெச்ச தகவல் இனிமேதான்.

ஒரு நாள் சலவை அறையில் பாட்டி நல்ல மூடில் இருந்தார். பேச்சுவாக்கில், தான் முதன்முதலில் ஓட்டு போட்டது முப்பது வயசு தாண்டித்தான்னு சொன்னார். சோம்பேறித்தனம் போலன்னு நினைச்சேன். சுவிஸில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சது 1971 பிப்ரவரி 7! அதுக்கு முன்னாடி 1959ல் ஒரு தடவை ஓட்டெடுப்பு நடந்து, ஆண்களில் மூணில் ரெண்டு பங்கு பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பெண்களுக்கு ஓட்டு வேணுமான்னு முடிவு பண்ண ஆண்களுக்கு மட்டும்தானே ஓட்டு. அப்பன்செல் இன்னர்ரோடன்னு ஒரு குட்டி மாநிலம் இருக்கு. அங்கே ஆண்கள் இடுப்பில் வாளைச் செருகிக்கிட்டு மைதானத்தில் கூடி, கையைத் தூக்கி ஓட்டு போடுவாங்க. அவங்க 1990லயும் முடியாதுன்னாங்க. அதே வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அங்கே பெண்களுக்கு மாநில ஓட்டு கிடைச்சது.

இலங்கையில்? 1931. டொனமூர் அரசியலமைப்பு வந்தப்போ 21 வயசான ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு. பிரிட்டனிலேயே ஆணுக்குச் சமமா பெண்ணுக்கு ஓட்டு வந்து அப்போ மூணே வருஷம். (நம்ம சென்னை மாகாணத்தில் 1921லேயே பெண்களுக்கு ஓட்டு உண்டு, ஆனா சொத்து இருக்கணும்.) இதில் ஒரு வேடிக்கை: முழு சுயாட்சி தராத இந்தச் சட்டமே வேண்டாம்னு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கிளம்பி, அந்த முதல் தேர்தலையே வடக்கில் பகிஷ்கரிச்சிட்டாங்க. அதனால் அங்கிளோட பாட்டி ஓட்டு போட 1934 இடைத்தேர்தல் வரை காத்திருந்திருக்கணும். அப்படியே வெச்சுக்கிட்டாலும், கீழ்த்தளத்துப் பாட்டியை விட 37 வருஷம் முந்தி!

1985ல் அங்கிள் வந்து இறங்கின நாட்டில், சட்டப்படி கணவன்தான் குடும்பத் தலைவன். எங்கே குடியிருக்கிறதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார். மனைவி வேலைக்குப் போக அவர் சம்மதம் வேணும். அதை மாத்துற சட்டம் அந்த 1985 செப்டம்பரில்தான் மக்கள் ஓட்டில் ஜெயிச்சு, 1988 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆனா அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் தமிழர்களைப் பத்தி என்ன எழுதினாங்க? பிற்போக்கான நாட்டிலிருந்து வந்தவங்க, ஸ்டேஷனில் கும்பலா நிக்கிறாங்க. லெதர் ஜாக்கெட் தமிழர்கள்னு ஒரு பட்டப்பேரே இருந்தது. குளிருக்குக் கிடைச்ச ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டது ஒரு குத்தமா?

அதே ஸ்டேஷன்களில் அதுக்கு முன்னாடி நின்னவங்க இத்தாலிக்காரங்க. வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் கத்தரிக்கணும்னு ஷ்வார்சன்பாக் கொண்டு வந்த தீர்மானம் 1970 ஜூனில் ஓட்டுக்குப் போச்சு. 54 சதவீதம் பேர் எதிர்த்ததால் தோத்துச்சு. தலைகீழா சொன்னா, ஓட்டு போட்ட ஆண்களில் நூத்துக்கு 46 பேர் சரின்னிருக்காங்க. இன்னிக்கு சூரிச்சில் பாஸ்தாவும் எஸ்பிரஸோவும் 'எங்க ஊர்ச் சாப்பாடு' ஆயிடுச்சு.

பக்கத்து வீட்டுக்காரர் மேல எனக்குக் கோபம் இல்லீங்க. குப்பை போட்டது நான், தப்பு என்னோடது. அவருக்கு அவர் பிறந்ததிலிருந்து இப்படித்தான். அவர் கணக்கில் அதுதான் காலங்காலம். ஆனா நாற்பது வருஷமா இருக்கிற மனுஷன் கிட்ட 'வந்தவங்க கத்துக்கணும்'னு சொல்றப்போ, யாரு எதுக்கு முன்னாடி வந்தாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். அந்தப் பையை அங்கிளும் 93ல்தான் கத்துக்கிட்டார், பாட்டியும் 93ல்தான் கத்துக்கிட்டார். ஒரே வருஷம், ஒரே வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய் அந்த மனுஷன் கிட்ட உண்மையை ஒத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் வழிசல்தான். அங்கிள் கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்லை, முதல்ல பையை எங்க வைச்சிருக்கிறம் எண்டு பாருங்கோ"ன்னு இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

இதை எழுதிட்டு இருக்கிற சமையலறை மேசையில் ஒரு சாம்பல் நிற உறை கிடக்கு. அடுத்த ஓட்டெடுப்புக்கான சீட்டுகள். வருஷத்துக்கு நாலு தடவை வரும், தபாலிலேயே ஓட்டு போட்டு அனுப்பிடலாம் (இந்த வசதி நாடு முழுக்க வந்தது 1994ல், விடுவேனா நானு). அன்ரி சுவிஸ் குடியுரிமை வாங்கினப்புறம்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஓட்டு போட்டாராம். ஊரில் அவருக்கு வயசு வந்தப்போ இருந்தது யுத்தம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, கூடவே வர்ற விளக்கப் புத்தகத்தை வரி வரியா படிச்சிட்டு, கையெழுத்து போட்டு ஒட்டி வெச்சிட்டார். தபால் பெட்டியில் போடுறது என் வேலை. போற வழியில் குப்பையும். சரியான பையில்தான், ரெண்டு தடவை பார்த்துட்டேன்.