மூளை நலமும் முதுமையின் மகிழ்வும்

மகிழ்ச்சி உள்ளத்தின்பாற்பட்டது, மூளையோ ஊனின்பாற்பட்டது. ஊன் நைந்தவழி உள்ளத்து உவகையும் உடன் நையுமோ என்பது முதுமை எய்துவார் யாவரையும் தொடும் வினாவாம். இவ்வினாவிற்கு விடை தேடினார்க்குப் பெருந்துணையாயினோர் அமெரிக்க நாட்டுக் கிறித்தவத் துறவியராகிய பெண்டிர் ஆவர்.

1906-ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நினைவு சிதைந்து இறந்த ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியால் ஆய்ந்து, ஆண்டுப் படிந்திருந்த திட்டுக்களையும், உயிரணுக்களினுள்ளே முறுக்குண்டு கிடந்த இழைகளையும் எடுத்துரைத்தார். இவை மிக்கவழி அறிவு மங்குதல் ஒருதலை என்று பின்னர்ப் பலரும் கருதலாயினர்.

1986-இல் டேவிட் ஸ்நோடன் என்னும் அறிஞர், மினசோட்டா மாநிலத்து மன்காட்டோ நகரில் உள்ள நோத்ர தாம் பள்ளிச் சகோதரிகளின் மடத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பின்னர் அது பிற மடங்கட்கும் பரவ, 75 வயதும் அதற்கு மேலும் ஆகிய 678 சகோதரியர் அதன்கட் சேர்ந்தனர். உணவு, உறையுள், மருத்துவம் முதலியன இவர்கட்குப் பெரிதும் ஒத்திருந்தமையின், வேற்றுமைக்குரிய காரணத்தை நாடுதல் எளிதாயிற்று. அறிவுத் தேர்வுகட்கு உட்பட்டதனோடு அமையாது, இறந்தபின் தம் மூளையை அறுத்தாய்தற்கும் அவர்கள் உடன்பட்டனர். பிறர் நோய் தீர்தற்பொருட்டுச் செய்த இவ்வீகை எச்சமயத்தாரும் போற்றற்பாலதன்றோ?

மடத்துப் பழந்தாள்களிடையே வேறொரு செல்வமுங் கிடைத்தது. 1930-இல் மடத்துத் தலைவியார் பணித்தவாறு, இளஞ்சகோதரியர் தத்தம் வரலாற்றை ஒவ்வொரு தாளில் சுருங்க எழுதி வைத்திருந்தனர். அப்போது அவர்கள் வயது ஏறக்குறைய 22. கருத்துச் செறிவு குறைய எழுதியோர் 58 ஆண்டு கழிந்தபின் அறிவுத் தேர்விற் பெரும்பாலும் தாழ்ந்தமை 1996-இல் வெளியிடப்பட்டது. 2001-இல், 180 தன்வரலாறுகளை ஆய்ந்து, உவகையும் நன்றியும் மிகுதியாகப் புலப்பட எழுதினோர் நெடிது வாழ்ந்தமையுங் காட்டப்பட்டது.

ஆயினும், மகிழ்ச்சியே ஆயுளைப் பெருக்கிற்று என்று துணிதல் பொருந்தாது. மகிழ்ந்தெழுதும் இயல்பும் நெடிது வாழும் உடலமைப்பும் ஒரு மூலத்தினின்றே கிளைத்தனவாகலாம். இளமையிலேயே மூளையிற் குறை தோன்றியமையின் எழுத்து வறண்டதோ, அன்றிப் பயிற்சியின்மையால் மூளை பின்னர் நலிந்ததோ என்பதும் இதனால் முடிவுபெறவில்லை.

வியக்கத்தக்கவர் சகோதரி மேரி என்பார். 101 வயதில் இறக்குந்துணையும் அவர் தேர்வுகளில் உயர்ந்தே நின்றார். அவர் மூளையை ஆய்ந்தபோதோ, அல்ஸைமர் கண்ட திட்டுக்களும் முறுக்கிழைகளும் மலிந்திருந்தன! கருவியிற் பழுதிருந்தும் தொழில் கெட்டிலது.

இதற்குரிய காரணம் முழுதும் விளங்காதாயினும், 1997-இல் ஒரு குறிப்புக் கிடைத்தது. ஆய்ந்த 102 மூளைகளுள் 61 அந்நோயின் அடையாளம் உடையன. அவற்றுள், குருதியோட்டந் தடையுற்றுச் சிறு பகுதிகள் பட்டுப்போன மூளையுடையோரே அறிவு மங்குதலை மிகப் பெரிதும் எய்தியிருந்தனர். ஏனைய 41 மூளைகளில் அத்தகைய பழுது அத்துணைத் தீங்கு விளைத்திலது. ஆகவே, திட்டுக்களைத் தடுக்க வழியறியாதாரும் குருதிக்குழாய்களைப் பேணலாம். குருதியழுத்தத்தை அளவிற் காத்தலும், புகையிலையை விலக்கலும், நாடோறும் நடத்தலும் அதற்கு உரியன. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு, அறிவு மங்குதற்குரிய மாற்றத்தக்க காரணங்கள் 14 எனத் தொகுத்தது. செவிப்புலன் குறைதலும் தனிமையும் அவற்றுள் அடங்கும். உடனுண்டு உடனோதி வாழ்ந்த அச்சகோதரியர்க்குத் தனிமை அரிதாயிருந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.